கரி வேகன் என்ன நிறம்?

என் மனைவி வேலை பார்க்கும் ஊரின் பெயர் போட்ட, நிலக்கரி ஏற்றும் ரயில் வேகன் ஒன்று சின்ன உருவில் கிடைத்ததுதான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம். பொம்மை என்று சொன்னால் இந்தப் பொழுதுபோக்கில் இருப்பவர்களுக்குக் கோபம் வரும், அதனால் மாடல் என்றே சொல்கிறேன். உள்ளங்கையில் அடங்கிவிடும். 66 மில்லிமீட்டர் நீளம், பக்கச் சுவர் ஒன்றன்மேல் ஒன்றாக ஏழு பலகை உயரம், நாலு சக்கரம். உடம்பெல்லாம் செங்கல் சிவப்பு. அதன்மேல் பெரிய வெள்ளை எழுத்தில் ஒரு கரிக்கடைக்காரரின் பெயர், எழுத்துக்குப் பின்னால் கறுப்பு நிழல், கீழே ஊர்ப் பெயர், ஓரத்தில் 14 என்று ஓர் எண். நாங்கள் இருப்பது இங்கிலாந்தின் குளோஸ்டரில், அந்த ஊர் பக்கத்தில்தான். பெயரை இங்கே எழுதப் போவதில்லை. ஊரைச் சொன்னால் கடை தெரிந்துவிடும், கடையைச் சொன்னால் மாடல் செய்த கம்பெனி தெரிந்துவிடும். அவர்களோடு எனக்குச் சண்டை ஒன்றும் இல்லை. ஒரு சின்ன மனஸ்தாபம் மட்டும் நாலு வருஷமாகத் தீராமல் இருக்கிறது.

வாங்கி ஆறு மாதம் கழித்து அந்த ஊர் நூலகத்தில் பழைய புகைப்படங்களை வைத்து ஒரு கண்காட்சி நடத்தினார்கள். மனைவியை அழைத்துவரப் போனவன் நேரம் இருக்கிறதே என்று உள்ளே நுழைந்தேன். மூன்றாவது பலகையில் இருந்தது அந்தப் படம். 1910-ஐ ஒட்டி எடுத்தது. ஸ்டேஷன் கூட்ஸ் யார்டு, ஒரு குதிரை வண்டி, தொப்பி போட்ட மூன்று ஆட்கள், அவர்களுக்குப் பின்னால் நம்ம வேகன். அதே பெயர், அதே 14. சொந்தக்காரரைத் திருவிழாக் கூட்டத்தில் பார்த்தது போல் எனக்கு ஒரு குதூகலம். படத்துக்குக் கீழே தட்டச்சு செய்த குறிப்பில் 'இந்தக் குடும்பத்தாரின் பளிச்சென்ற சிவப்பு வேகன்கள்' என்று வேறு எழுதியிருந்தது. அப்புறம்தான் பலகைகளை எண்ணினேன். ஆறு. மூக்கு கண்ணாடியில் முட்டும் அளவுக்குக் கிட்டே போய் மறுபடி எண்ணினேன். ஆறுதான்.

ஒரு பலகைக்காகவா இவ்வளவு என்று கேட்கலாம். மனைவி அன்றைக்குக் காரில் அதைத்தான் கேட்டாள். ஆனால் ஒரு பலகை தப்பு என்று தெரிந்ததும் மற்றதிலும் சந்தேகம் வந்துவிடுகிறது. வீட்டுக்கு வந்து ஸ்கேலை எடுத்தேன். இந்த மாடல் 4 மில்லிமீட்டருக்கு ஓர் அடி என்ற கணக்கில் செய்தது. அந்தக் கால நிலக்கரி வேகன்களில் இரண்டு அச்சுக்கும் நடுவில் 9 அடி இருப்பது வழக்கம், அதாவது மாடலில் 36 மில்லிமீட்டர் வரவேண்டும். வந்தது 40. பத்தடி அடிச்சட்டம் ஒன்றை அச்சில் வார்த்து வைத்துக்கொண்டு, அதன்மேல் எந்த உடம்பை வேண்டுமானாலும் மாட்டி விற்பது இந்தத் தொழிலில் பழைய பழக்கம். உடம்பும் பொதுவானதுதான். மாறுவது மேலே அச்சிடும் பெயரும் நிறமும் மட்டும். பலகையும் அச்சும் போனால் போகட்டும், அந்தப் பெயரும் நிறமுமாவது உண்மையாக இருக்கும் என்று அன்று இரவு என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன்.

யாருடைய வேகன்?

பிரிட்டனில் நிலக்கரி ஏற்றிப்போன வேகன்களில் பெரும்பகுதி ரயில்வே கம்பெனிகளுக்குச் சொந்தமே இல்லை. சுரங்கக்காரர், மொத்த வியாபாரி, சின்ன ஊர்க் கரிக்கடைக்காரர் என்று ஆளாளுக்கு வேகன் வைத்திருந்தார்கள். எஞ்சினும் தண்டவாளமும் ரயில்வேயுடையது, வண்டி இவர்களுடையது. ரயில்வே வேகனில் சரக்கு வந்தால் சில நாட்களுக்குள் இறக்கிவிட வேண்டும், இல்லையென்றால் டெமரேஜ், அதாவது தாமதக் கட்டணம். பத்து டன் கரி என்றால் ஒரு ஹண்ட்ரட்வெயிட், அதாவது ஏறத்தாழ 50 கிலோ, பிடிக்கிற மூட்டைகளில் 200 மூட்டை. இரண்டு ஆளும் ஒரு குதிரையும் வைத்திருப்பவர் அதை உடனே விற்று முடிக்க முடியுமா? சொந்த வேகன் என்றால் அதையே கிடங்காக நிறுத்திவைத்து, வேண்டும்போது வேண்டிய மூட்டையை இறக்கிக்கொள்ளலாம். பக்கவாட்டில் ஆளுயர எழுத்தில் பெயரை எழுதிவிட்டால் வழியெல்லாம் காசில்லாத விளம்பரம். எண்ணை 1-இலிருந்து தொடங்காமல் 10, 14 என்று தொடங்கியவர்களும் உண்டு என்பார்கள். பார்க்கிறவர் இவரிடம் ஏகப்பட்ட வேகன் இருக்கிறது என்று நினைத்துக்கொள்ளட்டும் என்பதற்காக. நம்ம கடைக்காரரின் 14-க்கு முன்னால் பதின்மூன்று இருந்ததா என்பதில் எனக்கு அன்றிலிருந்தே சந்தேகம்.

ஆளாளுக்கு வண்டி என்றாலும் வரைமுறை இல்லாமல் இல்லை. ரயில்வே கம்பெனிகள் தங்களுக்குள் வரவு செலவைத் தீர்த்துக்கொள்ள 1842-இல் ஏற்படுத்திய ரயில்வே கிளியரிங் ஹவுஸ் என்ற அமைப்பு, இந்த வேகன்கள் எப்படி இருக்க வேண்டும் என்று 1887, 1907, 1923 என மூன்று முறை விவரமாக விதித்தது. மாடல் கம்பெனிகளுக்குப் பிடித்தது 1923-ஆம் வருஷத்து 12 டன் வேகன், பதினாறரை அடி நீளம். என் 66 மில்லிமீட்டர் அங்கிருந்துதான் வருகிறது. முனையில் கதவு இருந்தால், பக்கவாட்டில் சாய்வாக ஒரு வெள்ளைக் கோடு இழுத்து எந்த முனை என்று காட்டுவார்கள். அந்தக் கதவு துறைமுகத்துக்காக. தெற்கு வேல்ஸில் வேகனை அப்படியே தூக்கிக் கப்பலுக்குள் சாய்ப்பார்கள். 1913-இல் பாரி துறைமுகத்திலிருந்து மட்டும் போன நிலக்கரி 1 கோடியே 10 லட்சம் டன். ஊருக்குள் 50 கிலோ மூட்டையில் கரி விற்கிறவருக்கு அந்தக் கதவால் ஒரு பிரயோஜனமும் இல்லை. என் மாடலில் அந்த வெள்ளைக் கோடு இருக்கிறது. நூலகப் படத்தில் இல்லை. இதையும் மனைவியிடம் சொன்னேன். சொல்லியிருக்க வேண்டாம்.

நான் குடியிருக்கும் ஊரே வேகன் கட்டிய ஊர் என்பதை இதற்குள் விழுந்த பிறகுதான் தெரிந்துகொண்டேன். 1860-இல் குளோஸ்டர் வேகன் கம்பெனி என்று தொடங்கி, பிற்பாடு குளோஸ்டர் ரயில்வே கேரியேஜ் அண்ட் வேகன் கம்பெனி ஆனது. பட்டறை பிரிஸ்டல் ரோட்டில் இருந்தது. புது வேகனைக் கட்டிப் பெயிண்ட் அடித்து எழுத்தும் எழுதி முடித்ததும் நேர்பக்கமாக நிறுத்திப் படம் எடுத்துவைக்கும் நல்ல பழக்கம் அவர்களுக்கு இருந்தது. அந்தப் படங்கள் இன்று மாவட்ட ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. தனியார் வேகன்கள் எப்படி இருந்தன என்று நமக்குத் தெரிவதில் பெரும்பங்கு இப்படிப்பட்ட பட்டறைப் படங்களால்தான். இரண்டு சனிக்கிழமை தேடினேன். என் கடைக்காரர் அகப்படவில்லை. அவர் வேறெங்கோ வாங்கியிருக்க வேண்டும். அந்தப் படங்களைப் புரட்டப் புரட்ட வேறொன்று உறைத்தது. கல்யாண ஆல்பத்தை வைத்துக்கொண்டு ஒருவர் தினமும் பட்டு வேட்டிதான் கட்டினார் என்று சொல்வது போலத்தான் இதுவும். பட்டறையை விட்டு வெளியே வந்த அன்றைக்கு வேகன் அப்படி இருந்தது. மறுநாள் கரி ஏற்றிவிட்டார்கள்.

சிக்னல் கை

நூலகப் படத்தின் ஸ்கேன் பிரதி ஒன்றைக் கேட்டு வாங்கினேன். அதைப் பெரிதாக அச்சிட்டு, எங்கள் மாடல் ரயில் கிளப்பின் செவ்வாய்க்கிழமைக் கூட்டத்துக்கு எடுத்துப்போனேன். பலகைப் பிரச்சினையைச் சொல்லிப் புலம்பத்தான். கிளப்பில் எனக்கு ஏற்கெனவே 'ரிவெட் கவுண்ட்டர்' என்று பெயர். மாடலில் ரிவெட் சரியாக இருக்கிறதா என்று எண்ணுகிற ஆள் என்று பொருள். மரியாதையாகச் சொல்வதில்லை.

அங்கே ஒரு பெரியவர் வருவார். எண்பது வயது தாண்டியவர், வேலையில் இருந்தபோது சிக்னல் கேபினில் லீவர் இழுத்தவர். வேகன்களில் அவருக்குப் பெரிய அக்கறை கிடையாது. படத்தை வாங்கி, பாக்கெட்டிலிருந்து லென்ஸை எடுத்து, வேகனை விட்டுவிட்டு மேலே இடது மூலையைப் பார்த்தார். குதிரையின் தலைக்கு மேல், கிடங்குக் கூரையைத் தாண்டி, ஒரு சிக்னல் கம்பம். அத்தனை தடவை பார்த்தும் அது என் கண்ணில் பட்டதே இல்லை.

"உங்கள் வேகன் சிவப்பு என்றா சொன்னீர்கள்?" என்று கேட்டார்.

"ஆமாம், குறிப்பிலேயே போட்டிருக்கிறார்களே."

"அப்படியென்றால் இந்தக் கை என்ன நிறம்?"

லென்ஸ் வழியாகப் பார்த்தேன். நீட்டிக்கொண்டிருந்த சிக்னல் கை கன்னங்கரேலென்று இருந்தது, நுனிப்பக்கம் ஒரு வெள்ளைப் பட்டை. கறுப்பு என்றேன். அவர் சிரித்தார். கையின் பின்பக்கமாக இருந்தால் வெள்ளையில் கறுப்புப் பட்டை இருக்கும், இது முன்பக்கம், முன்பக்கம் சிவப்பில் வெள்ளைப் பட்டை என்றார். படம் பிடிக்க ஃபிலிமுக்குப் பதில் கேமராவில் போட்ட அந்தக் காலத்துக் கண்ணாடி பிளேட்டுகள் நீலத்தையும் பச்சையையும் பார்க்கும், சிவப்பைப் பார்க்காது. இருட்டறையில் சிவப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு வேலை செய்ய முடிந்தது அதனால்தான். எல்லா நிறத்தையும் பிடிக்கிற பிளேட் 1906-இலேயே கடைக்கு வந்துவிட்டது, ஆனாலும் பழைய ரகம்தான் வெகுகாலம் சாதாரணமாகப் புழங்கியது. அதில் எடுத்தால் சிவப்பு கறுப்பாக விழும், நீலம் வெளுத்துப் போகும்.

இந்தப் படத்தில் வேகனின் உடம்பு கறுப்பு இல்லை. நடுத்தரச் சாம்பல். எழுத்துக்குப் பின்னால் இருந்த நிழல் அந்தச் சாம்பலின் மேல் தனியாகத் தெரிந்தது. அதே வெளிச்சம், அதே பிளேட், முப்பது கஜம் தள்ளி நிற்கும் சிவப்பு கரியாக விழுந்திருக்கும்போது பக்கத்தில் நிற்கும் சிவப்பு மட்டும் எப்படிச் சாம்பலாக விழும்?

வீட்டுக்கு வந்தும் நம்பிக்கை வரவில்லை. மாடலை ஜன்னலோரம் வைத்து ஃபோனில் படம் எடுத்து, ஒரு எடிட்டிங் ஆப்பில் சிவப்பையும் பச்சையையும் அணைத்துவிட்டு நீலத்தை மட்டும் விட்டேன். என் சிவப்பு வேகன் ஒரு நொடியில் கறுப்பு வேகன் ஆகிவிட்டது. வெள்ளை எழுத்து மட்டும் அந்தரத்தில் மிதந்தது. நிழல் போன இடம் தெரியவில்லை, உடம்போடு உடம்பாகக் கரைந்துவிட்டது. நூலகப் படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அதில் நிழல் கோடு போட்டது போல் நின்றது. இரவு ஒரு மணி இருக்கும். எழுப்பிச் சொல்ல வீட்டில் ஆள் இருந்தும் எழுப்பவில்லை.

சிவப்பு எங்கிருந்து வந்தது

அடுத்த வாரம் அந்தக் கண்காட்சியை அமைத்த அம்மாவைத் தேடிப் பிடித்தேன். உள்ளூர் வரலாற்றில் ஆர்வமுள்ள, மிக நல்ல மனுஷி. 'சிவப்பு வேகன்கள்' என்று எழுதியிருக்கிறீர்களே, எப்படித் தெரியும் என்று கேட்டேன். சந்தேகமே இல்லாமல் பதில் வந்தது: "எங்கள் வீட்டு ஷோகேஸில் ஒன்று இருக்கிறதே!" என்னிடம் இருக்கும் அதே மாடல்.

மாடல் கம்பெனிக்கும் எழுதினேன். பண்பாகப் பதில் போட்டார்கள். இதற்கு முன் வேறொருவர் சின்ன அளவில் போட்ட இதே வேகனின் மாடல் இருந்ததாம், அதை ஆதாரமாகக் கொண்டார்களாம். அந்த முன்னவர் எதைப் பார்த்தார்? எண் 14 என்பதால் அவரும் இதே படத்தைத்தான் பார்த்திருக்க வேண்டும் என்பது என் ஊகம். கறுப்பு வெள்ளைப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு பெயிண்ட் டப்பாவுக்கு முன்னால் நின்ற அவரை நினைத்துப் பார்க்கிறேன். ஏதாவது ஒன்றை எடுத்துத்தானே ஆக வேண்டும். சிவப்பு அழகாக இருக்கும், விற்கவும் செய்யும். நானே அதற்காகத்தானே வாங்கினேன்.

எனக்கு வருத்தம் அவர் ஊகித்ததில் இல்லை. ஊகம் என்று பெட்டியில் ஒரு வரி போடாததில்தான். ஊகம் மாடலாகி, மாடல் ஷோகேஸுக்குப் போய், ஷோகேஸிலிருந்து படத்துக்கு அடியில் குறிப்பாக வந்து உட்கார்ந்துவிட்டது. இனி யாராவது ஆதாரம் கேட்டால் நூலகத்தைக் காட்டுவார்கள். கிளப்பில் இதைச் சொன்னபோது ஒருவர் குறுக்கே வந்தார்: நாம் ஓட்டுகிற தண்டவாளமே பொய்தானே, அதைவிட இது பெரிதா? அதுவும் நிஜம்தான். நிஜத் தண்டவாளத்தின் அகலம் 4 அடி எட்டரை அங்குலம். எங்கள் மாடல்களின் ஓஓ (OO) என்ற அளவில் வண்டி 4 மில்லிமீட்டர் கணக்கில், தண்டவாளம் மட்டும் மூன்றரை மில்லிமீட்டர் கணக்கில், 16.5 மில்லிமீட்டர் அகலத்தில் இருக்கும். ஆரம்ப கால மோட்டார்கள் பிரிட்டிஷ் எஞ்சினின் ஒடுங்கிய உடம்புக்குள் அடங்காததால் உடம்பை மட்டும் பெரிதாக்கிக்கொண்டார்கள். கணக்குப் பார்த்தால் எங்கள் ரயில்கள் 4 அடி ஒன்றரை அங்குலத் தண்டவாளத்தில் ஓடுகின்றன, ஏழு அங்குலம் குறைச்சல். ஆனால் அந்தப் பொய் எல்லோருக்கும் தெரிந்த பொய். அதைச் சரிசெய்து 18.83 மில்லிமீட்டரில் தண்டவாளம் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். இந்தச் சிவப்பு அப்படியில்லையே.

சரி, சிவப்பு இல்லை. வேறு என்ன? இங்கேதான் மாட்டிக்கொண்டேன். ஈயச் சாம்பலாக இருக்கலாம், பச்சையாக இருக்கலாம், இளம் பழுப்பாகவும் இருக்கலாம். படம் ஒரு நிறத்தை அடித்துச் சொல்லிவிட்டது, மற்றதைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. அதோடு அது 1910-இல் ஒரு நாள். பதினைந்து வருஷம் கழித்து அதே கடைக்காரர் அதே எண்ணில் ஏழு பலகை வேகன் ஒன்று வாங்கி அதற்குச் சிவப்பே அடித்திருந்தால், கம்பெனி சொன்னது சரி, நான்தான் வீம்புக்காரன்.

கடைசியில் வழி காட்டியது போர்தான். 1939-இல் போர் தொடங்கியதும் அரசு இந்தத் தனியார் வேகன்களையெல்லாம் பொதுவில் எடுத்துக்கொண்டது. யார் பெயர் எழுதியிருந்தால் என்ன, எந்தக் கரியையும் எந்த ஊருக்கும் ஏற்றிப் போகலாம். 1948 ஜனவரி 1-ஆம் தேதி ரயில்வே தேசியமயமானபோது ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட தனியார் வேகன்கள் அரசு கைக்கு வந்தன. அவற்றுக்குப் புதிதாகப் பெயிண்ட் அடிக்க ஆளும் இல்லை, நேரமும் இல்லை. கீழ் மூலையில் ஒரு கறுப்புத் திட்டு, அதில் P போட்டு ஓர் எண், அவ்வளவுதான். உடைந்த பலகைக்குப் பதில் புதுப் பலகை அடிப்பார்கள், அதற்கு நிறமே கிடையாது. பழைய பெயர் நடுவில் அறுந்து, மேல் பாதி ஒரு பலகையில், அடிப்பாதி மூன்று பலகை தள்ளி என்று நிற்கும். அதன்பின் 1950-களில் மரவேகன்களைக் கூட்டங்கூட்டமாகக் கழித்தார்கள். இரும்பை எடுத்துக்கொள்ள மரத்தைக் கொளுத்திவிடுவதுதான் சுலபமான வழி. பெயிண்டைச் சுரண்டிப் பார்க்க ஒரு பலகைகூட மிஞ்சாமல் போனதற்கு அதுதான் காரணம்.

ஆகவே போன டிசம்பர் விடுமுறையில் மாடலைக் கையில் எடுத்தேன். 1948-இன் குளிர்காலம் என்று வைத்துக்கொண்டேன். அச்சடித்த எழுத்தையும் சிவப்பையும் கண்ணாடி நார்ப் பென்சிலால் தேய்த்தேன். பென்சில் மாதிரிதான் இருக்கும், நுனியில் கண்ணாடி இழை. உதிர்கிற தூள் விரலில் ஏறிக்கொண்டு கண்ணுக்கும் தெரியாமல் இரண்டு நாள் குத்தும். ஒரு பலகையின் உயரம் இரண்டரை மில்லிமீட்டர்கூட இல்லை. மூன்றாவது பலகையையும் ஐந்தாவது பலகையையும் மட்டும் முழுக்கச் சுரண்டி, பிளேடு முனையால் மரரேகை கீறி, வெளுத்த மர நிறம் அடித்தேன். மற்ற பலகைகளுக்குச் சாம்பலில் கொஞ்சம் பழுப்பும் துளி பச்சையும் கலந்து, எதுவென்று யாரும் சொல்ல முடியாத ஒன்றை அடித்தேன். அதன்மேல் கரித்தூள் நிறப் பவுடரைத் தூரிகையால் ஒற்றி ஒற்றி எடுத்தேன். P எண்ணும் ஆயிற்று. அடிச்சட்டத்தைக் கழற்றி எறிந்துவிட்டு 36 மில்லிமீட்டரில் புதிதாக ஒன்று மாட்டினேன். ஏழாவது பலகையை அறுக்கலாமா என்று ரம்பத்தை எடுத்துவிட்டு, வேண்டாம் என்று வைத்துவிட்டேன். பிற்பாடு ஏழு பலகையில் வாங்கியிருக்கலாம் இல்லையா.

மகள் வந்து எட்டிப் பார்த்தாள். "என்னப்பா, புதுசா வாங்கினதை இப்படிப் பண்ணிட்டீங்க. பேரு பாதிதான் இருக்கு."

"என்ன கலர்னு சொல்லு பார்ப்போம்."

கையில் எடுத்து, ஜன்னல் பக்கம் திருப்பி, உண்மையாகவே யோசித்தாள். "அழுக்குக் கலர்" என்றாள்.

இப்போது அது மேசையில் பழைய இடத்தில் நிற்கிறது. மூலை இரும்புக்கும் பலகைக்கும் நடுவில் உள்ள இடுக்கில் மட்டும் மயிரிழை அளவு சிவப்பு மிச்சம் இருக்கிறது. பென்சிலும் போகவில்லை, ஊசியும் போகவில்லை. நூறு வருஷம் கழித்து யாராவது இதைச் சுரண்டிப் பார்த்து, அடியில் சிவப்பு இருந்திருக்கிறது, இதோ ஆதாரம் என்று எழுதிவிடுவார்களோ என்று ஒரு பயம். இந்த ஞாயிற்றுக்கிழமை இன்னும் மெல்லிசான ஊசி ஒன்று வாங்கி வரலாம் என்றிருக்கிறேன்.